மேட்டுநிலத்துக்கு ஒரு ஸ்வெட்டர்

பிஸ்கட்டவே, ஆகஸ்ட்

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் குறைந்ததா? எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்தும் பருப்பு வேகவில்லை என்றீர்களே, குக்கர் வாங்கினீர்களா? நாங்கள் நலம்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. அங்கே இப்போதுதான் மழையும் குளிரும் என்றால் நம் மகள் வெண்பா நம்பவில்லை. “பட் ஆஃப்ரிக்கா இஸ் ஹாட், அம்மா!” என்று சிரித்தாள். நீங்கள் பாடம் நடத்தும் ஊர் ஊட்டியைவிட உயரம் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் அமெரிக்காவுக்குத் திரும்பி வருவதற்கான விசா பற்றி வக்கீலிடமிருந்து இன்னும் பதில் இல்லை. மழை விட்டதும் உங்கள் ஊர் மலையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நீங்களும் அதில் நில்லுங்கள்.

போஸ்ட் ஆபீஸ் மூடப்போகிறது, முடிக்கிறேன். பார்சலில் உங்கள் ஸ்வெட்டருக்குள் ஒரு சின்ன ஸ்வெட்டர் இருக்கும். அப்பாவுக்குக் குளிருமே என்று வெண்பா வைத்தது. ஏர்போர்ட்டில் உங்களை வழியனுப்பியபோது போட்டிருந்தாள். திருப்பி அனுப்பவேண்டாம், மாமா. இப்போது அவளுக்கு அது பத்தாது.

தாமரைச்செல்வி