தாய்மாமன் ஊற்ற வேண்டிய தண்ணீர்

பண்டாகுன்
ஞாயிறு

அன்புத் தம்பி லகாய்க்கு,

அக்கா பைந்து எழுதுவது. நான் நலம். ஃப்ரீடவுனில் உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க ஆண்டவன் அருள் புரியட்டும். போனிலேயே பேசலாமே என்று நினைப்பாய். என் மகள் யேமாவின் பெயரை எடுத்ததுமே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீ புதுக் கம்பெனி விருந்தாளிகளோடு வழியில் தங்கும் விடுதிக்கு வந்து, உன் கையிலேயே இதைக் கொடுப்பதாக உன் அலுவலக டிரைவர் சொல்லியிருக்கிறான்.

நீ அவனிடம் அனுப்பிய அரிசியும் எனக்கான வெள்ளைத் துணியும் வந்து சேர்ந்தன. சேறு இடித்துத் தள்ளிய வீடுகள் தெரியாதபடி ஓலைத் தட்டி கட்டச் சொல்லியிருந்தாய். கட்டியாயிற்று. மரவள்ளி இலை பறித்து வைத்திருக்கிறார்கள். விருந்தாளிகளுக்குக் காரம் ஆகாது என்று சொன்னதையும் சமைப்பவர்களிடம் சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

வானொலியில் உன் பேச்சைக் கேட்டோம். சண்டை ஓய்ந்த நாடு, மண்ணில் தங்கம், ஆற்றில் மின்சாரம், முதல் போடுகிறவர்கள் பயமில்லாமல் வரலாம் என்று அழகாகப் பேசினாய். சுரங்கம் வந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு கரண்டு என்றும் சொன்னாய். பக்கத்து வீட்டுக் கோனா எழுந்து, "இருங்கடி, லாந்தரைக் கொளுத்திட்டு வர்றேன். கரண்டு வந்த ஊருல எதுக்கு இருட்டுல உக்காந்து கேக்கணும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுக் கம்பெனிக்காரர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நாட்டுக்குப் பணம் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்க்கிற ஊரில்தானே இருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. உன் மேல்தான்.

பழைய கம்பெனியையும் நீதான் கூட்டி வந்தாய். தங்கம் கழுவிய சேற்றைத் தேக்கிய குளத்தின் கரை கசிகிறது என்று உன் அலுவலகத்துக்கே வந்து சொன்னேன். இப்படியெல்லாம் பேசினால் வந்தவனும் ஓடிவிடுவான், வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போ என்று பஸ் ஏற்றிவிட்டாய். அந்த மாதமே கரை உடைந்தது. ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த என் பிள்ளை யேமாவைச் சேறு அடித்துக்கொண்டு போனது. அவளோடு இன்னும் பத்துப் பேர். விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் கோட்டு போட்டுக்கொண்டு எழுந்து நின்றாய். "அது மழைங்க. மழை பேஞ்சதுக்கு யார் மேல கேஸ் போட முடியும்?" என்றாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். சொன்னவன் அவளுடைய தாய்மாமன்.

இப்போது உன் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். ஊர் சம்மதித்தால்தான் புதுக் கம்பெனிக்குக் கடன் என்று வங்கி சொல்லிவிட்டதாம். நிலத்துக்குச் சொந்தமான குடும்பத்தின் மூத்தவள் நான். என்னை முன்னோர் கல்லறையடியில் நிறுத்தினால் சம்மதம் தெரிந்துவிடும், படம் பிடிக்கவும் நன்றாக இருக்கும் என்று வரவேற்பு விழா நிகழ்ச்சியில் 'முன்னோர் ஆசி' என்று ஒன்றை நீயே சேர்த்திருக்கிறாய். "அக்கா, நீ வெள்ளைத் துணியைக் கட்டிக்கிட்டு சும்மா நில்லு. அது போதும்" என்றாய்.

தலைநகரத்திலேயே இருந்து உனக்கு ஊர் மறந்துபோய்விட்டது லகாய். முன்னோரைக் கூப்பிட்ட பிறகு யாரும் சும்மா நிற்க முடியாது. குடும்பத்தில் இறந்தவர் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்ல வேண்டும், எப்படி இறந்தார் என்றும் சொல்ல வேண்டும். கடைசிப் பெயர் முடியும்வரை பெரிய தலைவரே ஆனாலும் குறுக்கே பேசக்கூடாது. கல்யாணமாகாமல் போன பெண்ணின் பெயர் வரும்போது தண்ணீர் ஊற்ற வேண்டியவன் தாய்மாமன். அவன் ஊற்றினால், சொன்னதெல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஊற்றாமல் நின்றால் முன்னோர் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம். பிறகு அந்த மண்ணில் ஒருவனும் மண்வெட்டி வைக்க மாட்டான்.

வங்கியிலிருந்து வருகிற அம்மாள் உன் அலுவலக ஆளின் மொழிபெயர்ப்பு வேண்டாம், பள்ளிக்கூடத்து கல்லோன் டீச்சரே போதும் என்று சொல்லிவிட்டாராம். டீச்சரின் மகனும் அதே சேற்றில்தான் போனான். நான் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட அவர் விழுங்க மாட்டார்.

ஆமாம், இது பழிதான். நல்ல பெயர் சூட்டி ஏமாற்ற எனக்குத் தெரியாது. முன்னாலேயே ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். விருந்தாளிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டே, வழி முழுக்க நீ இதையே நினைத்துக்கொண்டு வர வேண்டும். விழாவை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று பாதியில் திரும்பினால், பிள்ளைக்குத் தாய்மாமன் எங்கே என்று எல்லோர் முன்னாலும் கேட்பேன். டீச்சர் அதையும் மொழிபெயர்ப்பார். யோசித்துப் பார்த்துவிட்டேன், உனக்கு எந்தப் பக்கமும் வழி இல்லை. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவள் போன பிறகு இன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அம்மா இறந்தபோது உன்னை முதுகில் கட்டிக்கொண்டு வயல் வேலைக்குப் போனவள் நான். அதனால் உன்னைச் சபிக்க எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் என்றைக்கோ சபித்திருப்பேன்.

பாலத்தடியில் ரோடு மோசம், டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல். பத்திரமாக வந்து சேர். உன் கை நடுங்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொள்ள மாட்டேன், நடுங்கட்டும். ஆனால் தண்ணீரை ஊற்று, தம்பி. யேமாவுக்கு வேறு மாமன் இல்லை.

உன் அக்கா,
பைந்து