எஸ்ஸுக்கு முன்னா, பின்னா?

1987 பிப்ரவரி 9, திங்கள்
மைனஸ் பதினெட்டு. பனி உருகத் தெருவில் தூவும் உப்பு, பூட்ஸில் கறை. வாங்க வேண்டியது: பால், முட்டை, டைப்ரைட்டர் ரிப்பன்.

வக்கீல் ஆபீஸில் புது டைப்பிஸ்ட் it's, its இரண்டையும் மாற்றி அடித்திருந்தாள். lose வர வேண்டிய இடத்தில் loose. டொராண்டோவிலேயே பிறந்தவளாம்! மெட்ராஸ்காரி நான் திருத்திக் கொடுத்தேன். கர்வம்தான். இருக்கட்டுமே.

10, செவ்வாய்
பனி. பஸ் தாமதம். வக்கீல் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

பக்கத்து அபார்ட்மெண்ட் சிவராசாவுக்கு வியாழன் அகதி விசாரணை; எங்கள் வக்கீல்தான் பார்க்கிறார். அவர் யாழ்ப்பாணத்துத் தமிழில் சொன்னதைப் போன மாதம் மொழிபெயர்த்து அடித்தவள் நான். அதில் "எரிக்கப்பட்ட என் brothers' கடை". அப்படியென்றால் பல அண்ணன்கள். படிவத்திலோ ஒரே அண்ணன். பொய் சொல்கிறார் என்று அதிகாரிகள் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாமாம்.

அபாஸ்ட்ரஃபி சரி என்று அடித்துச் சொன்னேன். பலர் என்றால் எஸ்ஸுக்குப் பின்னால்தான். "அண்ணையாக்கள்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

மாலை அவர் கதவைத் தட்டினேன்.

"தம்பி, அண்ணையாக்கள்னா எத்தனை அண்ணன்?"

"ஒராள்தான், அக்கா. அண்ணை, அண்ணி, பிள்ளையள் எல்லாரையும் சேர்த்து அப்பிடித்தான் சொல்லுறது. ஏன், உங்கடை ஊரிலை சொல்லமாட்டியளோ?"

ஐயோ! இங்கிலீஷில் கோட்டை விடவில்லை, தமிழில் விட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப என்னை அனுப்பிப் போடுவாங்களோ?" என்றார். வெட்கமாக இருந்தது.

12, வியாழன்
வெயில், ஆனால் குளிர். நீலப் புடவை, மேலே கோட்டு.

விசாரணையில் மொழிபெயர்க்கவும் நானே. தொடங்குமுன் அனுமதி கேட்டேன். பிழை என்னுடையது, அவருடையது அல்ல என்று மூன்றே வாக்கியம். அதிகாரி பேனாவை எடுத்து, குறியை அடித்துவிட்டு எஸ்ஸுக்கு முன்னால் போட்டார். பதிவிலும் ஏற்றிக்கொண்டார். அப்பாடா!

பிறகு சாதாரணமாகக் கேட்டார்: கடை போன பிறகு அண்ணன் எங்கே இருக்கிறார்?

சிவராசா மேசையையே பார்த்தார்.

"அண்ணையாக்கள் இல்லை. எரிக்கேக்கை கடைக்குள்ளைதான் இருந்தவை."

போன மாதம் அவர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாய்வரை வந்த brother என்ற சொல்லை நிறுத்தினேன்.

"பிள்ளைகள் எத்தனை, தம்பி?"

"மூண்டு."

அண்ணன், அண்ணி, மூன்று குழந்தைகள். ஒவ்வொருவராகச் சொன்னேன்.