தணிகாசலம் டூயட் பாடுகிறார்

பிப்ரவரி 20, 1968. செவ்வாய்

காலையில் நல்ல பனி. சைக்கிள் சீட் நனைந்து கிடந்தது. மேலத்தெருவில் அம்மை குத்தல். என்னைக் கண்டதும் 'நர்சம்மா!' என்று பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓட்டம். வழக்கம்தான்.

மத்தியானம் கம்பைநல்லூர் டென்ட் கொட்டாயின் விளம்பர வண்டி. இரண்டு பக்கமும் தட்டி, உள்ளே மைக். வெள்ளி முதல் என்று கத்திக்கொண்டு வந்தது எந்தப் படம்? நான் திரும்பத் திரும்பப் படிக்கும் 'மூன்றாவது டம்ளர்' நாவலின் படம்! கையிலிருந்த பஞ்சோடு தெருவுக்கு ஓடினேன். படம் வெளிவந்து ஐந்து வருஷம். சேலத்தில் ஓடியபோது லீவு தரவில்லை. தர்மபுரிக்கு வந்தபோது எனக்கு டைபாய்டு. நாவலின் பெயரை மாற்றிவிட்டார்கள். போகட்டும்.

தணிகாசலத்தைத் திரையில் பார்க்கப் போகிறேன். நாவலில் துப்பறிகிறவர். ஆஸ்துமா, மூக்குப்பொடி, கம்பி ஒடிந்த குடை. ரிட்டயரான பத்திர ஆபீஸ் குமாஸ்தா. துப்பாக்கியைத் தொட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை. கொலைகாரனைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவார். இந்த மாதிரி ஓர் ஆம்பிளையை நேரில் பார்த்திருந்தால் நான் இந்நேரம் கல்யாணம் செய்துகொண்டிருப்பேன்.

அடுத்த வாரம் விபூதி புதன். தவக்காலத்தில் சினிமா கிடையாது. ஆகவே சனிக்கிழமையே போயாக வேண்டும். மாதம்மாவையும் இழுத்துப் போக வேண்டும்.

ஞாபகம்: சோப்பு, மண்ணெண்ணெய், அம்மாவுக்குக் கடிதம்.

பிப். 22, வியாழன்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது.

மாதம்மா வரமாட்டேன் என்கிறாள். பக்கத்து வீடு, படிக்கத் தெரியாது. சாயங்காலமானால் ஒரு முறம் புளியோடு வந்து உட்கார்ந்து கொட்டை எடுப்பாள், நான் துப்பறியும் நாவல் படிப்பேன். 'மூன்றாவது டம்ளர்' என்றால் அவளுக்கு உயிர். காரணம் இருக்கிறது. போன பங்குனியில் அவள் புருஷன் வயிற்று வலியில் செத்தான். தர்மபுரி ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்து, குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது என்றார்கள். நான் கூடவே நின்றேன். ஆனாலும் ஊர் என்ன சொல்கிறது? களியில் எதையோ கலந்து கொடுத்துவிட்டாளாம். கிளப்பிவிட்டது அவள் கொழுந்தன் சின்னசாமி. கூட்டுக் கிணற்றில் அவளுக்கு உள்ள பாகம் அவன் கண்ணை உறுத்துகிறது.

நாவலிலும் அப்படியே. புருஷனுக்குப் பாலில் விஷம் வைத்தாள் என்று கமலத்தின் மேல் பழி. அவள் கொடுத்த பாலில் ஒன்றுமில்லை, விஷம் இருந்தது செத்தவனின் தம்பி கொண்டுவந்து வைத்த மூன்றாவது டம்ளரில் என்று தணிகாசலம் கண்டுபிடிக்கிறார். கடைசியில் கமலத்தைப் பார்த்து, "தலையை நிமிர்த்திட்டு நடந்து போம்மா" என்பார். அந்த இடம் வந்தால் மாதம்மாவின் கை புளியில் அப்படியே நின்றுவிடும்.

"தாலி அறுத்தவ கொட்டாய்க்குப் போனா நாலு பேர் என்னங்க பேசுவாங்க?"

"இப்ப மட்டும் பேசாமலா இருக்காங்க? ஊரே அந்தப் படத்தைப் பாக்கட்டும். பாத்தா புத்தி வரும்."

யோசித்தாள். "தணிகாசலம் வர்றாருங்களா அதுல?"

வருகிறாள்.

பிப். 25, ஞாயிறு

பூசையில் மனம் ஒட்டவில்லை. வாயெல்லாம் கசப்பு.

நேற்று முதல் ஆட்டம் போனோம். பெண்கள் பக்கம் மணல் ஈரம், பீடி நாற்றம். இதெல்லாம் பொறுக்கலாம்.

தணிகாசலமாக வந்தவனுக்கு இருபத்தைந்து வயசு. கறுப்புக் கண்ணாடி, மோட்டார் சைக்கிள். மூக்குப்பொடி இல்லை. குடை இல்லை. வந்த உடனே நாலு பேரை அடித்தான். பிறகு ஒரு அருவி, ஒரு பெண், டூயட். ஆஸ்துமாக்காரர் எங்கே, இந்த ஓட்டம் எங்கே. மாதம்மா என் காதில், "இவரு யாருங்க?" என்று கேட்டாள். தணிகாசலம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பாட்டு எட்டு. நடுவில் ஒரு காமெடி ஜோடி, கதைக்குச் சம்பந்தமே இல்லை. மூன்று டம்ளரில் இரண்டைக் காணோம்.

அதுகூடப் பரவாயில்லை. தம்பி வேஷத்தில் பெரிய நடிகர். அவரை எப்படிக் கெட்டவராகக் காட்டுவது? அதனால் தம்பி உத்தமன் ஆகிவிட்டான். விஷம் வைத்தது கமலம். பக்கத்து வீட்டுக்காரனோடு தொடர்பு. கடைசியில் எல்லோர் முன்னாலும் இந்தத் தணிகாசலம் கமலத்தைக் கன்னத்தில் அறைகிறான் (இவனுக்கு 'ர்' போட என்னால் முடியாது). கொட்டாய் முழுக்க விசில். ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "நம்மூர்லயும் ஒருத்தி இருக்காளே, அவளுக்கும் ரெண்டு போடச் சொல்லு!" சிரிப்பு. பெண்கள் பக்கமும் சிரித்தார்கள்.

மாதம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். ஜன கண மன வருவதற்குள் எழுந்து வந்துவிட்டோம்.  வீட்டுப் படியில் ஏறும்போது, "அவரு இப்பிடி அடிக்க மாட்டாருங்களே" என்றாள்.

டைட்டிலில் கதை என்று ஆசிரியர் பெயரைப் போட்டார்கள். சம்மதித்துத்தானே கொடுத்திருப்பார். கமலத்தைக் கொலைகாரியாக்கப் போகிறோம் என்று சொல்லியிருப்பார்கள், இவரும் தலையாட்டியிருப்பார். தூ.

படத்தின் பெயரை இதில் எழுத மாட்டேன்.

பிப். 26, திங்கள்

குழாயடியில் மாதம்மா வந்ததும் மற்றவர்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்களாம். பையன்கள் அந்த அறை விழும்போது வருகிற பாட்டை அவள் வாசலில் நின்று பாடுகிறார்கள். டீக்கடையில் சின்னசாமி: "சினிமாக்காரன் தெரியாமயா எடுப்பான்? எங்கியோ நடந்ததத்தான எடுக்கறான்." நான் கேட்கும்படியாகவே சொன்னான்.

ஹெல்த் சென்டரில் வேலை முடிந்து நேரே கம்பைநல்லூர். கொட்டாய் மேனேஜர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். விளம்பர வண்டி எங்கள் தெருவுக்கு வரக்கூடாது என்றேன். விஷயத்தையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "நர்சம்மா, அந்தப் பொம்பள நல்லவளா இருந்தா எவன் படம் பாக்க வருவான்? இன்னும் மூணு நாள் சேத்துப் போட்டிருக்கறன். ஆமா, உங்கூர் அம்மா மெய்யாலுமே என்னத்தக் கலந்தாங்க?" என்றார்.

தோலை என் காலடியில் ஊதினார்.

திரும்பும்போது சைக்கிள் பஞ்சர். தள்ளிக்கொண்டே வந்தேன்.  ரசம் சோறு. பாதி கொட்டிவிட்டேன்.

பிப். 28, விபூதி புதன்

ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். நெற்றியில் சாம்பல். மண்ணாய் இருக்கிறாய் என்று சாமியார் சொல்லும்போதுகூட அந்த மேனேஜரின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. பாவம் என்றால் பாவம்தான்.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். சின்னசாமி கூட்டியது. அவள் ஊரில் இருந்தால் அசிங்கம், தாய் வீட்டுக்கு வத்தல்மலைக்கே போய்விடட்டும், நிலத்தையும் கிணற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். சினிமாவைப் பார்த்த பிறகு பிள்ளைகளே கேட்கிறார்களாம்.

நான் 'மூன்றாவது டம்ளர்' புத்தகத்தைக் கையிலேயே கொண்டுபோயிருந்தேன். எழுந்து, படத்தில் கதையை மாற்றிவிட்டார்கள், உண்மையில் கமலம் நிரபராதி, கொன்றது தம்பிதான் என்று சொன்னேன். பக்கத்தைத் திருப்பிப் படிக்கவும் ஆரம்பித்தேன். முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். ஊர்க் கவுண்டரும் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"நர்சம்மா, நீங்க கொஞ்சம் உக்காருங்க."

மாதம்மா. தூணுக்குப் பின்னால் நின்றவள் முன்னே வந்துவிட்டாள். நான் உட்கார்ந்தேன்.

"சினிமாவுல யாரு கொன்னா, பொஸ்தகத்துல யாரு கொன்னாங்கறது எனக்கு வேணாங்க. எங்க வூட்டுக்காரர யாருமே கொல்லல. வயித்து வலி. ராத்திரி பூராத் துடிச்சாரு. விடிஞ்சதும் கொழுந்தனாரு வாசல்ல நின்னு வண்டி கேட்டேன், ஆஸ்பத்திரிக்கு. சந்தைக்குப் புளி ஏத்தணும், வண்டி கெடையாதுன்னுட்டாரு. மறுநாள் நர்சம்மாதான் ரோட்ல லாரிய மறிச்சு ஏத்துனாங்க. ஒரு நாள் முந்தி வந்திருக்கலாமேன்னு டாக்டரு சொன்னாரு."  குரல் உயரவே இல்லை. "அதக் கொலைன்னு நான் இந்த ஊர்ல யார்கிட்டயாவது சொன்னனா? சொன்னனா, கொழுந்தனாரே?"

வண்டி கேட்ட விஷயம் எனக்கே தெரியாது. இத்தனை மாசம் என் எதிரில் உட்கார்ந்து கொட்டை எடுத்தவள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தத் தம்பி கதையை நான் படிக்கப் படிக்க அவள் எதை நினைத்துக்கொண்டு கேட்டாளோ.

 சின்னசாமி, "அன்னிக்கு... யாரு கண்டா இப்பிடி ஆவும்னு..." என்று தொடங்கி விட்டுவிட்டான். அவன் பெண்டாட்டி எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

"எந்திரிங்கப்பா, பொழுது போச்சு," என்றார் கவுண்டர். "அந்தம்மா அவ வூட்லயே இருக்கட்டும். கெணத்து மொறையும் முன்ன மாதிரிதான்." அவ்வளவுதான். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் சிரித்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு கலைந்தார்கள். அவ்வளவு அருவருப்பு எனக்கு, எல்லோர் மேலும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போன என் மேலும்தான்.

மார்ச் 1, வெள்ளி

வெயில். சிலுவைப்பாதைக்குப் போய் வந்தேன். காலையில் ஒரு பிரசவம், பெண், நல்ல எடை. கொட்டாயில் படம் மாற்றிவிட்டார்களாம். இப்போது சாமி படம்.

சாயங்காலம் மாதம்மா முறத்தோடு வந்தாள், ஒன்றும் நடக்காத மாதிரி. நான் தயங்கித் தயங்கி 'மூன்றாவது டம்ளர்' பக்கம் கை கொண்டுபோனேன்.

"அது வேணாங்க," என்றாள். "யாரும் சாவாத கதையா ஒண்ணு எடுத்துப் படிங்க."

கட்டிலுக்கடியிலிருந்த நாவல் பெட்டியை இழுத்துத் தரையில் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.