துரை எழுதாத கடிதம்

மே 18, ஞாயிறு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: என் இடது கால் சாக்ஸில் ஓட்டை விழுந்துவிட்டது. மற்றபடி அசதி.

அப்பா கொடைக்கானலில் டூரிஸ்ட் கைடு. பழைய கலெக்டர் துரை ஒருவரின் கடிதம் என்று நானே இங்கிலீஷில் எழுதி, டீயில் நனைத்துக் காயவைத்து, பரணில் கிடைத்ததாக அவரிடம் கொடுத்திருந்தேன். ஒரு மாதமாக அதைப் படித்துக் காட்டித்தான் கைத்தட்டல் வாங்குகிறார். ஊரையே ஏமாற்றியவன் நான்.

இன்று நானும் அப்பாவோடு போயிருந்தேன். வேனில் வந்த வரலாற்று டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். “அண்ணே, ஏரியில படகு விட்டதா எழுதியிருக்கு. ஏரி வெட்டுறதுக்கு முன்னாடியே இவரு சீமைக்குக் கப்பலேறிட்டாருங்களே.”

வேனே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. “எம் மகன் எடுத்துக் கொடுத்ததுங்க. அவன் பொய் சொல்ல மாட்டான்.”

நான் செருப்பில் தெரிந்த சாக்ஸ் ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி சாப்பிடும்போது உண்மையைச் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் ரசம்தான் கேட்டேன்.