நீ கையெழுத்து வைக்காத தாள்

உன் நினைவு மலரில் மெஷின் எண்ணெய் வாடை அடிக்கிறது. நேற்று லண்டனில் ஹரோ மண்டபத்தில் உன் முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொன்று தந்தார்கள். நான் அதை வேலைப் பையில் வைத்துவிட்டேன். இப்போது இல்ஃபோர்டில் என் சாப்பாட்டு மேசையில், அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாளும் கிடக்கிறது. நாற்பது இரும்புத் துண்டுகளும் சரியாக இருக்கின்றன என்று நாளைக் காலைக்குள் நான் கையெழுத்து வைக்க வேண்டிய தாள். அவை சரியாக இல்லை.

மலரில் உன்னை "அதிர்ந்து பேசாதவர், எவரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவர்" என்று போட்டிருக்கிறார்கள். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் வாய்க்குப் பயந்து தேநீர் இடைவேளையை மாற்றிக்கொண்ட ஆட்களை எனக்குத் தெரியும். மண்டபத்திலேயே உன் தம்பியிடம் கேட்டேன். செத்தவர்களைப் பற்றி நல்லதைத்தானே எழுத வேண்டும் என்றார். எதிர்த்தது நல்லதில்லையா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வால்தம்ஸ்டோ பட்டறையில் நாம் இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். நீ ஜெர்மனியிலிருந்து வந்து இரண்டு மாதம். இருவருக்கும் அந்தத் தீப்பொறி மெஷின் புதிது. எண்ணெய்த் தொட்டிக்குள் இரும்பு, அதற்கு மேலே செம்பில் செய்த அச்சு, நடுவில் தலைமயிர் அளவு இடைவெளி. மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் இரும்பில் ஒரு துளியை உருக்கும், எண்ணெய் அதைக் கழுவிக்கொண்டு போகும். இப்படி வினாடிக்கு ஆயிரக்கணக்கில். எவ்வளவு கடினமான இரும்பும் கடைசியில் செம்பின் வடிவத்துக்குக் குழிந்துவிடும். "தொடாமலே ஆளைத் தின்னுது, என்ரை மாமியார் மாதிரி" என்றாய் நீ. நான் சிரித்த சிரிப்பில் மேலாளர் எட்டிப் பார்த்தார்.

ஆனால் உருகியது முழுவதும் கழுவிப் போவதில்லை. மிச்சம் அங்கேயே உறைந்து மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். அந்தத் தோலில் வெடிப்பு விழும், பாரம் ஏற ஏற வெடிப்பு உள்ளே இறங்கும். அதனால் பாரம் தாங்கும் துண்டு என்றால், பொறியைக் குறைத்து மெதுவாக இன்னொரு தடவை ஓட்டி, பிறகு மினுக்கி, தோலை எடுத்தே ஆக வேண்டும். அதற்கு அரை நாள் போகும்.

மூன்று வருடத்துக்கு முன்னர், நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தூக்கும் கருவிக்குப் பூட்டுத் துண்டுகள் செய்தோம். வேலை பிந்திவிட்டது, கடைசி ஓட்டம் வேண்டாம், கையெழுத்தை வையுங்கள் என்றார் மேலாளர். நீ தாளை அவர் பக்கம் தள்ளிவிட்டாய். அவருக்கு முன்னாலேயே என்னிடம் சொன்னாய்: "இதிலை ஆரோ ஒரு மனிசி தொங்கப் போறா. நான் வைக்கமாட்டன். நீயும் வைக்காதை."

நான் வைத்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன், வேறு காரணம் இல்லை. உன்னைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். நீ ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை, வழக்கம்போலப் புட்டில் பாதியை எனக்கு வைத்தாய். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இப்போதும் அதே துண்டு, அதே மேலாளர், அதே அவசரம். புதன்கிழமை ஒன்றைக் குறுக்கே அறுத்து, மினுக்கி, அமிலம் தடவி, நுண்நோக்கியில் பார்த்தேன். தோல் வெள்ளைக் கோடாக அப்படியே இருந்தது. அதற்குள் இரண்டு வெடிப்பு. மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. போன தடவை ஒன்றும் நடக்கவில்லையே என்றார். நடந்ததா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்று வருடமாக அந்தத் துண்டுகள் யார் யாரையோ தூக்கிக்கொண்டிருக்கின்றன.

உன் மலரை மூடி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். "சரி" என்ற கட்டத்தைக் குறுக்கே வெட்டினேன். தோல் எடுக்கப்படவில்லை, பாவிக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே, மூன்று வருடத்துக்கு முன் போனவையும் இப்படித்தான், அவற்றைத் திருப்பி எடுங்கள், தெரிந்துகொண்டே கையெழுத்து வைத்தவள் நான் என்றும் எழுதினேன். படம் எடுத்துக் கருவி செய்யும் கம்பனிக்கே நேராக அனுப்பிவிட்டேன். இனி மேலாளர் தாளைக் கிழித்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. என்னை வேலையால் நிற்பாட்டினால் நிற்பாட்டட்டும்.

உன்னை வாயில்லாப் பூச்சி ஆக்கியவர்கள் ஆக்கட்டும். உன் பிடிவாதம் என்னிடம் வந்து சேர மூன்று வருடம் எடுத்திருக்கிறது, அதை இனி நான் விடப்போவதில்லை. அனுப்புவதற்கு முன்னரே தாளின் அடியில் என் முழுப் பெயரையும் எழுதிவிட்டேன்.