காணிக்கைப் பெட்டியில் விழுந்த கூலி

இயேசு மரி சூசை

மேலத்தெரு, அந்தோணியார்புரம்
(திருக்காட்டுப்பள்ளி வழி)
22.8.1998

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் இரண்டு பேரும் சுகம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் இருக்கிறது, அதுவும் யாராவது பம்புசெட்டு ஓடவில்லை என்று கூப்பிட்டால் மறந்துபோகிறது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் நுங்கும் நுரையுமாகப் போகிறது, வாய்க்கால் கரையில் நடந்தால் நீ புதுச் செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தது ஞாபகம் வருகிறது. திருநாள் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. மாதாவுக்கு இந்த வருஷம் நீலப் பட்டு, நான்தான் தைக்கிறேன், நீ இருந்தால் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாய், இப்போது நானே மூன்று தடவை எச்சில் தொட்டுக் கோக்க வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அரபு நாட்டில் பன்னிரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்து, ஜெபக்கூட்டத்து ஆட்களுக்கெல்லாம் ஊசி போடவும் பிரஷர் பார்க்கவும் மாடி மாடியாக ஏறுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை கூட்டத்தில் எழுந்து என் மனைவி நர்ஸ், எல்லாருக்கும் சும்மாவே செய்து கொடுப்பாள் என்று சொல்லிவிட்டாராம். ஆறாம் மாதத்தில் கால் வீங்கி நிற்கிற பெண் நீ. முடியாது என்றாலோ காசு கேட்டாலோ பாவமா அம்மா என்று கேட்டிருக்கிறாய். டெலிபோனில் மூன்று நிமிஷத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பத்து வருஷத்துக்கு முந்தி ஆயர் நம் கோயிலுக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா, பூசைக்கு உதவி செய்கிற பையன்கள் எல்லாரும் சிவப்பும் வெள்ளையுமாக அங்கி போட்டு வரிசையாக வந்தார்கள். முப்பத்தாறு அங்கி, அத்தனையும் நான் தைத்தது. பங்குக் கூட்டத்தில் உன் அப்பா, சூசையம்மா தைத்துக் கொடுத்துவிடும் சாமி, கூலியெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து நின்றார். அவர் கோயில் மோட்டாரையும் மைக் செட்டையும் ஒரு நாளும் காசுக்குப் பார்த்ததில்லை, அது அவர் குணம், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு மாதம் நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலையெல்லாம் விட்டுவிட்டேன். அப்போது நீ பிளஸ் டூ முடித்துவிட்டு, நர்சிங் சீட் கிடைத்தும் சேர வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாய்.

நான் நேரே பங்குச் சாமியார் வீட்டுக்குப் போனேன். மாதாவுக்குத் தைக்கிறது என் ஆசை சாமி, அதுக்கு ஒரு பைசா வேணாம், இது என் பிழைப்பு, பிள்ளையைப் படிக்க வைக்கணும் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்துபோய், ஏம்மா முதல்லயே உன்னைக் கேக்காம விட்டுட்டேனே என்றார். மறுநாளே ஒரு பழுப்புக் கவரில் ‘சூசையம்மாள், தையல் கூலி’ என்று தன் கையால் எழுதிக் கொடுத்தார்.

உன் அப்பாவுக்கு மானம் போய்விட்டது. கோயில்ல கூலி வாங்கின குடும்பம்னு ஊரே சொல்லும் என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பெட்டியைத் திறக்கிறேன், புடவைக்கு அடியில் வைத்த கவரைக் காணோம். ஆண்டவருக்கே குடுத்துட்டேன் என்றார். தையல் மெஷின் மேல் தலையை வைத்து அழுதேன், நீ வயிற்றுவலியா என்று கேட்டாய்.

அந்தப் புண்ணியவான் கவரைக்கூடப் பிரிக்காமல் அப்படியே காணிக்கைப் பெட்டியில் போட்டிருக்கிறார்! செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்த சாமியார் தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு சைக்கிளில் வந்துவிட்டார். அப்பாவைப் பார்த்து, சந்தியாகு, உன் உழைப்பை நீ எவ்வளவு வேணாலும் குடு, ஆண்டவர் வாங்கிக்குவார், இது உன் உழைப்பு இல்லையே, குடுக்கிறதா இருந்தா சூசையம்மா கையால குடுக்கட்டும் என்றார். அப்பா அந்தக் கவரை இரண்டு கையாலும் வாங்கி என்னிடம் நீட்டினார். அன்று சாயங்காலமே நீ நர்சிங் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகத் தகரப் பெட்டி வாங்க அவர்தான் தஞ்சாவூருக்குப் போனார். உனக்குப் பெட்டி வாங்கினது மட்டும்தான் தெரியும். அடுத்த ஞாயிறு அதில் கொஞ்சம் எடுத்து நானே காணிக்கை போட்டேன், அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் பாவம் ஒன்றும் இல்லை. நம் நாட்டிலிருந்து அங்கே வீட்டு வேலைக்கு வந்து காய்ச்சலில் கிடக்கிற பெண்களைப் போய்ப் பார், அவர்களிடம் கை நீட்டாதே, உன்னை வளர்த்தது அப்படி இல்லை. கார் வைத்திருக்கிறவர்கள் கிளினிக்குக்குப் போகட்டும், இல்லையென்றால் கூலி கொடுக்கட்டும். யாருக்குச் சும்மா, யாருக்கு இல்லை, எந்தக் கிழமை கதவைத் திறக்க மாட்டாய் என்பதை நீ சொல்ல வேண்டும், மாப்பிள்ளை சொல்லக் கூடாது. அவர் நல்லவர், உன் அப்பாவைப் போலவே நல்லவர், அதுதான் எனக்குப் பயம். இந்தக் கடிதத்தை அவர் கையிலும் கொடு.

படுக்கும்போது காலைத் தலையணை மேல் வை. இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
சூசையம்மாள்

பி.கு. அப்பா இதை முழுசும் படித்தார். கோபிப்பார் என்று பார்த்தால், மாப்பிள்ளைக்கு நல்லா உறைக்கிற மாதிரி எழுதியிருக்கே என்றார். இப்போது சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார், கவரை அவரே கொண்டுபோய்ப் போடுவாராம், இந்தத் தடவை சரியான பெட்டியில் போடுவாராம்.