பெட்டியின் அடியில் கிடக்கும் கம்பளி

சேசு மரி சூசை

காமயகவுண்டன்பட்டி
1938 அக்டோபர் 9, ஞாயிறு

அன்பு மகள் வியாகுலமேரிக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் உன் ஐயாவும் சினையாக நிற்கும் செவலைப் பசுவும் இங்கே நல்ல சுகம், நீயும் அந்த மதராஸ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் நோய் ஒன்றும் உன்னை அண்டாமல் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ரெண்டு வருஷம் கழித்து மதர் அம்மாள் பத்து நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று வாசித்ததும் உன் ஐயா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எழுத்துத் தெரியாத மனுஷர், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உன் கையெழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். நல்லா இருக்காளாம்ல, எத்தனை தரம் சொல்லுறது, குடுங்க இங்கன என்று நான்தான் பிடுங்கி வைத்தேன். சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு மலை மேல் இருக்கிற உன் அண்ணன் செல்வத்தின் கல்லறைக்கு எல்லோருமாகப் போவோம் என்று எழுதியிருந்தாய். உன் ஐயா போன வருஷம் போய்ச் சிலுவை நட்டுவிட்டு வந்தார். நான் இன்னும் அந்த மலையில் கால் வைக்கவில்லை. நீ வந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன், இல்லாவிட்டால் இந்த வருஷமும் இல்லை.

மலைக்கு என்ன துணி எடுத்து வரட்டும் என்று கேட்டிருக்கிறாய், அதைப் போய் என்னிடம் கேட்டாய் பார். ஐப்பசி இங்கே எப்படி இருக்கும் என்று உனக்கு மறந்திருக்காது. காலையில் முதுகு காயும், மத்தியானம் கறுத்துக்கொண்டு வந்து நாலு தூறல் போடும், மறுபடி ஒன்றுமே நடக்காததுபோல வெயில் அடிக்கும். இதை நம்பி மலைக்கு மூட்டை கட்டக்கூடாது. கீழே நாம் வேர்வை துடைக்கிற நேரத்தில் மலைப்பாதை கடக்கிற மெட்டுக்கு அந்தப்புறம் ஆளுக்கு ஆள் முகம் தெரியாமல் மஞ்சு இறங்கி நிற்குமாம், மலையாளத்து ஆட்கள் குளிரைத் தணுப்பு தணுப்பு என்று சொல்லிக்கொண்டு கையை அக்குளில் வைத்துக்கொண்டு நடப்பார்களாம். ஆஸ்பத்திரியில் கட்டுகிற வெள்ளைச் சேலையை அங்கேயே வைத்துவிடு, மலை மண் பட்டால் ஜென்மத்துக்கும் வெளுக்காது. கனத்த நூல் சேலை ரெண்டு, முழங்கையை மூடுகிற ரவிக்கை ரெண்டு போதும். மாற்றுத்துணி ஒரு ஜோடியை மெழுகுத்துணியில் தனியாகச் சுற்று, நனைந்தால் எல்லாம் சேர்ந்து நனையக்கூடாது. குடை வேண்டாம், மெட்டுக் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுத் தருகிறேன், தலையில் கவிழ்த்துக்கொள், நர்சம்மாள் சாக்குப் போடுவதா என்று முகத்தைச் சுளிக்காதே. அட்டைக் கடிக்குப் புகையிலையும் உப்பும் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். மதுரையில் இறங்கித் தேனி போகிற ரயிலில் ஏறு, தேனியில் உன் ஐயா நிற்பார், அங்கிருந்து கம்பத்துக்கு மோட்டார் உண்டு.

இவ்வளவும் எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போனேன், மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத வேண்டியது வேறு. போன வருஷமும் ஐப்பசி நெருங்கும்போது கேட்டது, இந்த வருஷமும் தொடங்கிவிட்டது. நம் கொல்லையில் ஒரு சத்தம், பட்டப்பகலில்தான். யாரோ ஒரு துணியை எடுத்து உதறுவதும் கீழே வைப்பதும் அடுத்த துணியை எடுத்து உதறுவதுமாக இருக்கிறது. ஈரத்துணி உதறுகிற சத்தம் எனக்குத் தெரியாதா. போய்ப் பார்த்தால் கொடியில் ஒன்றும் இருக்காது. வாழை இலை காத்துல அடிக்குது, சும்மா இரு என்றார் உன் ஐயா. காற்றே இல்லாத நாளிலும் கேட்கிறதே என்றேன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார், அந்த உதறலுக்கே நான் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் போன வாரம் வந்து, என்ன மதினி, செவ்வாக்கெழமை அம்புட்டு நேரமாத் துணி ஒதறிக்கிட்டு இருந்தீக என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை நான் வீட்டிலேயே இல்லை, கம்பம் சந்தைக்குப் போயிருந்தேன். சுவாமியாரிடம் சொன்னேன். உத்தரிக்கிற ஆத்துமாவுக்காக வேண்டிக்கொள், பயப்படாதே என்றார். எனக்கு என்ன பயம், நான் பெற்ற பிள்ளை. அவன் எதைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நம் வீட்டில் இருந்தது ஒரே கம்பளி, கறுப்பும் காவியுமாய்க் கோடு போட்டது. ரெண்டு வருஷத்துக்கு முந்தி இதே ஐப்பசி நெருக்கத்தில் நீங்கள் ரெண்டு பேரும் ஒரே வாரத்தில் புறப்பட்டீர்கள், நீ மதராஸுக்கு, அவன் ஏலத்தோட்டத்து வேலைக்கு. அவன் மூட்டையில் அவன் பார்க்கத்தான் கம்பளியை மடித்து வைத்தேன். அவன் குளிக்கப் போனதும் அதை உருவி உன் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். அவனிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா. நம் கன்னியர் மடத்து வெள்ளைக்கார அம்மாமார் சித்திரை வெயிலிலும் உச்சி முதல் உள்ளங்கால் வரை கனத்த துணியால் மூடிக்கொண்டு போகிறார்களே, அவர்கள் மதராஸிலிருந்துதானே வந்தார்கள், அந்த ஊர் எப்பேர்ப்பட்ட குளிராக இருக்கும் என்று நினைத்தேன். கம்பத்துக்கு அப்பால் நான் எந்த ஊரைக் கண்டேன். அன்றைக்கு மெட்டுப் பக்கம் ஒரு மேகம் இல்லை. ஆம்பிளைப் பிள்ளை மலையில் சமாளித்துக்கொள்வான், பொம்பளைப் பிள்ளை தூர ஊரில் நடுங்கக்கூடாது என்று என் பாழும் புத்திக்குப் பட்டது.

காய்ச்சலில் போனான் என்று உனக்கு எழுதினேன், அது பொய் இல்லை. ஆனால் கூடப் போன பொதிமாட்டுக்காரர் சுயம்புலிங்கம் அவன் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னதை எழுதவில்லை. மெட்டு ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டதாம், தொப்பலாக நனைந்து ஒரு கொட்டகையில் ஒதுங்கினார்களாம், காய்ச்சல் கண்டு பிள்ளைக்குப் பல்லோடு பல் அடித்ததாம். எங்கம்மா கம்பளி வச்சிருக்கு மாமா, அவுத்துப் பாருங்கன்னு சொன்னான் தங்கச்சி, ரெண்டு தரம் நான் தேடிட்டேன், இல்ல, மூணாந்தரம் அவனே ஒவ்வொரு துணியா எடுத்து ஒதறி ஒதறிப் பாத்தான், எங்கம்மா வச்சத நான் பாத்தேனே, எங்கன போயிரும்னு சொல்லிக்கிட்டே இருந்தான் என்றார். அதற்கு மூன்றாம் நாள் உன் முதல் கடிதம் வந்தது. இங்கே வேர்த்து ஊற்றுகிறது, கம்பளியை ஏன் வைத்தாய் அம்மா, கூட இருக்கிற பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள், பெட்டியின் அடியிலேயே கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

உன்மேல் ஒரு குற்றமும் இல்லை ஆத்தா, அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதே. செய்தவள் நான். இதை உன்னிடம் மறைத்துவிட்டு அவன் கல்லறைக்கு முன்னால் உன்னோடு முழங்கால் போட எனக்கு முடியாது. என்னைத் திட்டு, வந்து முகத்துக்கு நேரே திட்டு, வராமல் மட்டும் இருந்துவிடாதே. மாதா உன் போக்கிலும் வரத்திலும் கூட நிற்பாளாக, உன் ஐயா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார். சொன்னதெல்லாம் மறந்தாலும் ஒன்றை மறக்காதே. கம்பளியைக் கொண்டுவா. பூச்சி அரித்திருந்தாலும் சரி, யார் சிரித்தாலும் சரி. இந்தத் தரம் அடியில் வைக்காதே, எல்லாத் துணிக்கும் மேலாக வை. அவிழ்த்துப் பார்க்கிறவன் கையில் அதுதான் முதலில் படவேண்டும்.

இப்படிக்கு
உங்கள் ரெண்டு பேரையும் பெற்ற
மதலேனாள்